தனிமைப்படுத்தப்பட்டோர் கொடுப்பனவு

கௌரவ அமைச்சர் தர்மகீர்த்தி அபேவர்ண அவர்கள் முப்பத்தெட்டு வருடங்களாகச் சமூகப் பாதுகாப்பை விரிவாக்கி வந்தார். அந்த முப்பத்தெட்டு வருடங்களில் அவர் நான்கு கட்சிகள் மாறினார். அமைச்சு மாறவில்லை. எந்தக் கட்சி வென்றாலும் சில நாட்களில் அவர் அதே கதிரையில், அதே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு இருப்பார். கழுத்துச் சால்வையின் நிறம் மட்டும் வேறாக இருக்கும்.

சனம் அவரை 'அலவன்ஸ் மாத்தையா', கொடுப்பனவு ஐயா, என்றது. அதில் கேலி இருந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேலி செய்யப்பட்டோருக்கும் ஒரு கொடுப்பனவு வந்திருக்கும்.

அவர் அரசியலுக்கு வந்தபோது எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு சிறு தொகை கிடைத்து வந்தது. அவர் வயதை அறுபத்தைந்துக்கு இறக்கினார். ஒரு தேர்தலுக்கு முதல் அறுபதுக்கு இறக்கினார். பிறகு ஐம்பத்தைந்து வயதுக்காரர்களை 'முதுமையை எதிர்நோக்குவோர்' என்று தனிப் பிரிவாகச் சேர்த்தார். மீனவர், மீன் படாத மீனவர், மழைக்குக் கூரை ஒழுகுவோர், கூரையே இல்லாதபடியால் ஒழுக வழியில்லாதோர், சாதாரண தரப் பரீட்சையில் மூன்று முறை தவறியோர் என்று பட்டியல் நீண்டது. திறைசேரி தந்த தொகை மட்டும் முதல் வருடத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. ஆட்கள் கூடக் கூட, தேங்காய்ப்பால் சொதிக்குத் தண்ணீர் விடுவது போல அதை அவர் விரித்தார். பால் எந்த வருடத்தோடு தீர்ந்தது என்பதற்கு அறிக்கை எதுவும் இல்லை.

பாராளுமன்றத்தில் அவர் ஆற்றிய பேருரை ஒன்றை அமைச்சின் வாசலில் பளிங்கில் பொறித்திருந்தார்கள். “நான் இந்தச் சபைக்கு வந்தபோது இந்நாட்டில் உதவி வேண்டி நின்றோர் வெறும் ஆறு இலட்சம் பேர். இன்று என்னுடைய அயராத உழைப்பால் எழுபத்து மூன்று இலட்சம் பேர் உதவி வேண்டி நிற்கின்றனர். இந்தச் சாதனையை எதிர்க்கட்சி மறுக்குமா?”

எதிர்க்கட்சி மறுக்கவில்லை. மேசையில் தட்டிப் பாராட்டியது.

எழுபத்தோராவது வயதில் அவருக்கு ஒரு பயம் வந்தது. இனிச் சேர்ப்பதற்கு நாட்டில் ஆள் மிச்சமில்லையோ என்ற பயம். ஒரு ஞாயிறு காலை தன் வீட்டு மேல்மாடத்தில் நின்று வீதியைப் பார்த்தாராம். சனம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இதைப் பிறகு எல்லாப் பேட்டிகளிலும் அவரே சொன்னார். தனிமைக்கு ஒரு கொடுப்பனவு அன்று பிறந்தது. சிங்களத்தில் அதற்கு 'ஹுதகலா சரண' என்று பெயர். தனித்துப் போனவர்களுக்கு ஒரு புகல். நல்ல பெயர்.

தமிழுக்கு அது வேறு வழியால் வந்தது. அமைச்சில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதவி ஆறு வருடங்களாக வெற்றிடம். ஆகவே 'தனிமை' என்ற சொல் உள்ள பழைய கோப்பு ஏதாவது கிடைக்குமா என்று அலுமாரிகளைத் தேடினார்கள். ஒன்று அகப்பட்டது. கொரோனாக் காலத்துக் கோப்பு. அதில் இருந்த சொல்லையே எடுத்துப் போட்டார்கள். அப்படித்தான் அது 'தனிமைப்படுத்தப்பட்டோர் கொடுப்பனவு' ஆயிற்று. தமிழில் வாசித்தவர்களுக்கு முகக்கவசமும் வீட்டு வாசலில் ஒட்டிய மஞ்சள் அறிவித்தலும் ஞாபகம் வந்தன.

தொடக்க விழாவுக்கு மேடையில் மூன்று பேர் தேவைப்பட்டார்கள். தனிமையான சிங்களவர் ஒருவர், தனிமையான முஸ்லிம் ஒருவர், தனிமையான தமிழர் ஒருவர். முதல் இருவரும் ஒரே நாளில் கிடைத்தார்கள். தமிழரைத் தேடி அமைச்சரின் தமிழ்ப் பிரிவு இணைப்புச் செயலாளர் ஜனா, கொழும்பில் தமிழர் அடர்ந்த வெள்ளவத்தை முழுவதும் மாடி மாடியாக ஏறினான். மணி அடித்த வீடுகளில் ஒருவரும் தாங்கள் தனி என்று ஒப்புக்கொள்ளவில்லை.

“தனியோ? நாங்களோ?” என்றார் நாலறை வீட்டில் தனியாக இருந்த ஒரு ஓய்வுபெற்ற அதிபர். “கனடாவில ரெண்டு, லண்டனில ஒண்டு, ஒஸ்ரேலியாவில ஒண்டு. நாலு பிள்ளையள் தம்பி. ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில வருவினம்.” சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கடைசியில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஏழு மாடிக் கட்டடத்தின் காவலாளி, மலையகத்துக்காரர், விரலை மேலே காட்டினார். “மூனாவது மாடிங்க. சம்சாரம் எறந்து போச்சு. யாரோடயும் பேசமாட்டாரு.”

மூன்றாம் மாடியில் இருந்தவன் மிதுஷன். முப்பத்திரண்டு வயது. பம்பலப்பிட்டியில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் கீறுகிறவன். பதினான்கு மாதங்களுக்கு முன் அவன் மனைவி சுபோதினி டெங்கில் போனாள். ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் வீடு கொள்ளாத சனம். முப்பத்தோராம் நாள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினார்கள். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. யார் கேட்டதையும் மறுக்கவில்லை. செத்தவீட்டு நாட்களில் நீட்டிய தாளிலெல்லாம், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகியிருந்தான். அந்தப் பழக்கம் போகவில்லை.

ஜனா படிவத்தை நீட்டினான். “சும்மா ஒரு ஃபோர்ம் அண்ணா. மாசம் மாசம் காசு வரும்.”

“எனக்குச் சம்பளம் வருது.”

“இது சம்பளம் இல்லை அண்ணா, உரிமை. நீங்கள் தனியத்தானே இருக்கிறீங்கள்?”

மிதுஷன் திரும்பி வீட்டுக்குள் பார்த்தான். ஜனா அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். இரண்டு கதிரை, ஒரு மேசை, ஆறிப்போன தேநீர்.

“பாத்தீங்களோ, பதில் சொல்லக்கூட ஆள் இல்லை” என்று ஜனா மனம் குளிர்ந்து படிவத்தின் அடியில் விரலை வைத்தான். மிதுஷன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

ஜனா இறங்கிப் போனபின் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பஸீஹா தலையை மட்டும் நீட்டினாள். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஐம்பதைத் தாண்டியவள். கட்டடத்தில் நடப்பது எல்லாம் அந்தக் கதவின் இடுக்கு வழியாகத்தான் நடக்கும்.

“என்னத்துக்கு மகன் ஒப்பம் வெச்ச?”

“தெரியாது அன்டி.”

“வாசிக்காமயா?”

“ஓம்.”

“யா அல்லாஹ். இனி ஆரும் வந்து கேட்டா வீட்டையும் எழுதிக் குடுங்க.”

தேசிய தனிமை நிவாரணப் பணியகம் கொட்டாஞ்சேனையில், துறைமுகப் பக்கம் இறங்கும் வீதியில், பழைய பண்டகசாலை ஒன்றுக்குள் இருந்தது. சுவரில் இன்னும் கொப்பரா மணத்தது. விண்ணப்பதாரிகள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு பலகை தொங்கியது: 'வரிசையில் நிற்போர் ஒருவரோடொருவர் உரையாடுதல் தகைமை இழப்புக்குக் காரணமாகலாம்.'

மிதுஷனுக்கு முன்னால் குடையோடு ஒரு கிழவர் நின்றார். வெளியே மழை இல்லை. அவர் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பலகையைப் பார்த்தார். குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நின்றார்.

தகைமை மதிப்பீட்டு உத்தியோகத்தர் ஐறீன். மேசைக் கண்ணாடிக்குக் கீழே கொச்சிக்கடை அந்தோனியார் படம் வைத்திருந்தாள். இரக்கமான பெண். சுற்றறிக்கை அனுமதித்த அளவுக்கு இரங்குவாள்.

“உங்களை நல்லாத் தெரிஞ்ச ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வைக்கணும்” என்றாள். “நீங்க தனியா இருக்கிறது அவங்களுக்கு நேரில தெரிஞ்சிருக்கணும்.”

“அப்பிடி ரெண்டு பேர் இருந்தால் நான் தனி இல்லையே, மிஸ்.”

“அதைத்தான் மூணாம் பக்கத்தில கேட்டிருக்கு. 'மேற்படி சாட்சிகளுடன் உமக்குப் பழக்கம் உண்டா?' இல்லைன்னு போடுங்க.”

“பழக்கம் இல்லாதவை என்னண்டு சாட்சி சொல்லுறது?”

“அது அவங்கட படிவம். அதை நீங்க யோசிக்கத் தேவையில்லை.”

அவள் அடுத்த தாளை எடுத்தாள். கிராம உத்தியோகத்தரிடமிருந்து வந்த குடியிருப்பாளர் பட்டியல். ஒன்று, மிதுஷன். இரண்டு, சுபோதினி.

“இதில ரெண்டு பேர் இருக்கே.”

மிதுஷன் பையிலிருந்து மரணச் சான்றிதழை எடுத்து வைத்தான். ஐறீன் வாசித்தாள். வயது எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. “ஆண்டவரே, இருபத்தொன்பது” என்று நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு சான்றிதழைத் திருப்பித் தந்தாள்.

“இது அவங்க இறந்ததுக்கு அத்தாட்சி. வீட்டை விட்டுப் போனதுக்கு அத்தாட்சி இல்லையே.”

மிதுஷன் அவளையே பார்த்தான். பதினான்கு மாதத்தில் அவனுக்கு யாரும் சொன்ன வசனங்களில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது போலிருந்தது.

“வீட்டுத் தலைவர் தன் கையால பேரை வெட்டணும்” என்றாள் ஐறீன். “சிவப்புப் பேனை. பக்கத்தில சின்ன ஒப்பம். நாங்க வெட்டக்கூடாது, சுற்றறிக்கை. நீங்க வெட்டுற வரைக்கும் அவங்க அங்கதான் இருக்காங்க.”

சிவப்புப் பேனை சணல் நூலால் மேசைக்காலில் கட்டப்பட்டிருந்தது. மிதுஷன் அதை எடுத்து மூடியைக் கழற்றினான். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்ட கை, இரண்டாம் இலக்கத்துக்கு மேலே வந்து நின்றது. கீழே இறங்கவில்லை.

“நூல் காணாது” என்றான்.

ஐறீன் நூலைப் பார்த்தாள். அது ஒரு முழம் மிச்சமாகத் தரையில் சுருண்டு கிடந்தது. அவள் தாளை மெதுவாக இழுத்துக் கோப்புக்குள் வைத்தாள்.

“சரி, பிறகு வாங்க. மற்ற வேலைகள் நடக்கட்டும்.”

மற்ற வேலை அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மணி அடித்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஹியூபேட். கையில் பசைவாளி, கக்கத்தில் மஞ்சள் தாள் சுருள், முகத்தில் கவசம். தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்றே சொல்வார்.

“தள்ளி நில்லுங்க மல்லி. எத்தினை நாளா?”

“என்ன எத்தினை நாள்?”

“தனிமைப்படுத்தி எத்தினை நாள்?”

மிதுஷன் கணக்குப் பார்த்தான். “பதினாலு மாசம்.”

ஹியூபேட் இரண்டு படி கீழே இறங்கினார். “என்ட சேவிஸ்ல கூடிப்போனா இருபத்தொரு நாள்தான்!”

மிதுஷன் விளக்கினான். விளக்க நான்கு வசனம் போதுமாக இருந்தது. ஹியூபேட் படிவத்தை இரண்டு முறை வாசித்தார். கவசத்தைக் கழற்றிப் படியில் உட்கார்ந்தார்.

“மனுஷி டெங்கில மோசம் போனதா? ஐயோ, சொறி மல்லி.” பசைவாளியைத் தள்ளி வைத்தார். “ஆனா ஃபோர்ம்ல போட்டிருக்கிறது தனிமைப்படுத்தப்பட்டவர் எண்டு. நீங்க சைன் வெச்சிருக்கீங்க. இப்ப நான் படுத்தாட்டி நீங்க பொய்த் தகவல் குடுத்த கேஸ். கோர்ட்ஸுக்குப் போகும்.”

“நான் விலகிறன் எண்டு எழுதித் தாறன்.”

“அதை அங்க கேளுங்க. எனக்கு, உண்மையச் சொன்னா, இந்த நோட்டீஸ் மூவாயிரம் ஸ்டோர்ஸ்ல கிடக்கு. அடுத்த மாசம் ஓடிட், கணக்குக் காட்டணும்.”

மிதுஷன் கொட்டாஞ்சேனைக்குத் தொலைபேசி எடுத்தான்.

“சிங்களத்தில நிரப்பினவங்க தனியா இருந்தாப் போதும்” என்றாள் ஐறீன். “தமிழில நிரப்பினவங்களைத் தனிமைப்படுத்தத்தான் வேணும். விலகுறதுக்கும் படிவம் இருக்கு. ஆனா தனிமைப்படுத்தல் முடிஞ்ச பிறகுதான் அதைக் குடுக்கலாம்.”

ஹியூபேட் மஞ்சள் அறிவித்தலை நேராக, சுருக்கமில்லாமல் ஒட்டினார். நல்ல வேலைக்காரர். “பதினாலே நாள் மல்லி” என்றார். “கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிரும்.”

பதினான்கு மாதமாக மின்தூக்கியில் அவனைக் கண்டால் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்ற அயலவர்கள், அறிவித்தலைக் கண்டதும் சமைக்கத் தொடங்கினார்கள். துக்கத்துக்கு என்ன சொல்வதென்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. நோய்க்கு என்ன கொடுப்பதென்று நன்றாகத் தெரிந்திருந்தது. காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, வெள்ளிக்கிழமை பஸீஹா வீட்டுப் புரியாணி. கதவுப் பிடியில் பையைக் கொழுவி, மணியை அடித்துவிட்டு ஓடிவிடுவார்கள். அவன் கதவைத் திறக்கும்போது நடைபாதையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

பஸீஹா மட்டும் தன் கதவு இடுக்கிலிருந்து கதைப்பாள்.

“காய்ச்சலா மகன்?”

“இல்லை அன்டி. தமிழ்ப் பிழை.”

“அது தொத்துமா?”

“எனக்குத் தொத்தியிட்டுது.”

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, சிரித்தது சரியா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

வீட்டுக்குள் வேலை அதிகமில்லை. காலையும் மாலையும் கரையோர ரயில் போகும்போது கண்ணாடிகள் நடுங்கின. சமையலறையில் சுபோதினி ஒட்டிய துண்டுகள் போத்தல்களில் அப்படியே இருந்தன. ஒன்றில் 'சீனி' என்றும் அதற்குக் கீழே 'உப்பு அல்ல, மிதுஷன்' என்றும் எழுதியிருந்தாள். கல்யாணம் முடித்த முதல் கிழமையில் அவன் போட்ட தேநீரின் விளைவு.

அவள் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவள். பதினோராம் நாள் மேசை லாச்சியைத் திறந்தபோது திருப்பிக் கொடுக்காத விடைத்தாள்கள் இருந்தன. சிவப்புப் பேனைகள் ஏழு இருந்தன. சுபோதினி பிழையை வெட்டமாட்டாள். பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவாள். “வெட்டிவிட்டா பிள்ளை பிறகு அந்த இடத்தைப் பாக்காது” என்பாள். ஏழு பேனையையும் தாளில் கீறிப் பார்த்தான். நான்கு இன்னும் எழுதின.

பதினைந்தாம் நாள் ஹியூபேட் அறிவித்தலைக் கழற்ற வந்தார். கூடவே ஜனாவும் வந்தான். ஜனாவின் முகம் சரியில்லை.

“அண்ணா, நாசமாப் போச்சுது. இந்தப் பி.எச்.ஐ.யின்ர ரிப்போட்டில நாப்பத்தொரு சாப்பாட்டுப் பார்சல் எண்டு இருக்கு. பார்சல் ஒண்டுக்கு அரைப் புள்ளி குறையும். தனிமைக்கு அறுபது வேணும், உங்களுக்கு நாப்பத்தெட்டுத்தான் வந்திருக்கு. நீங்கள் ஏன் அதுகளை எடுத்தனீங்கள்?”

“பசிச்சது.”

“விழா சனிக்கிழமை. போஸ்டரில உங்கட படம் போட்டாச்சு.” ஜனா குரலைத் தாழ்த்தினான். “அக்கான்ர பேரை வெட்டினா இருபது புள்ளி. ஒரு கோடுதானே அண்ணா. நான் அமைச்சர் சேரோட கதைச்சிட்டன். நீங்கள் கந்தோருக்கு அலைய வேண்டாம், மேடையிலயே வெட்டலாம். சேருக்கு நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. நாடா வெட்டி வெட்டி அவருக்கும் அலுத்துப் போச்சுதாம்.”

விழா வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாடெங்கும் இருந்து அறுநூறு தனியர்களை பஸ்களில் ஏற்றி வந்திருந்தார்கள். தமிழ்ப் படிவம் நிரப்பியவர்களின் கதிரைகள் மட்டும் ஒரு மீற்றர் இடைவெளியில் போடப்பட்டிருந்தன. மேடைக்குப் பின்னால் இருபதடி உயரத்தில் அமைச்சர் சிரித்தார். அவர் நெஞ்சில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது: 'நீங்கள் தனியாக இல்லை. நான் இருக்கிறேன்.'

மேடையின் நடுவே எட்டடிப் பலகை ஒன்றைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள்.

அமைச்சர் சிங்களத்தில் பேசினார். ஜனா தமிழில் சொன்னான்.

“அன்பான தனியர்களே! ஒருவருடைய மனைவி இறப்பதற்கு அரசாங்கம் பொறுப்பேற்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவரைச் சும்மா விடவும் முடியாது. அடுத்த தேர்தலுக்கு முன்னர் பத்து இலட்சம் பேரை நான் தனிமைப்படுத்துவேன். இது வாக்குறுதி!”

சிங்களத்தில் கேட்டவர்கள் கைதட்டினார்கள். தமிழில் கேட்டவர்கள் ஒரு கணம் கழித்துத் தட்டினார்கள்.

அமைச்சர் குரல் தழுதழுக்கத் தொடர்ந்தார். “தனிமை என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். ஒருமுறை எங்கள் கட்சி தோற்றது. வென்ற கட்சியில் சேர எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. அந்த ஐந்து வாரமும் தொலைபேசி அடிக்கவில்லை. வாசலில் ஒரு வாகனம் இல்லை. பேச்சுத் துணைக்கு ஒரு மனிதர் இல்லை. வீட்டில் மனைவி மட்டும்தான் இருந்தாள்.”

கைக்குட்டையை எடுத்து ஒற்றிக்கொண்டார். முன்வரிசையில் அவருடைய மனைவி மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டினார்.

மனைவி மட்டும்தான் இருந்தாள். மிதுஷன் அந்த வசனத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

துணியை இழுத்தார்கள். குடியிருப்பாளர் பட்டியலைப் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். இரண்டாம் இலக்கத்துக்கு எதிரே சுபோதினி என்ற பெயர் ஒரு அடி உயரத்தில் நின்றது. பத்திரிகையில் மரண அறிவித்தலில் அது விரலளவுதான் இருந்தது. அவள் பெயரை அவ்வளவு பெரிதாக அவன் எங்கும் கண்டதில்லை.

விளக்குகள் எரிந்தன. நாதஸ்வரக்காரர் ஊதத் தயாராக நின்றார். அமைச்சர் பெரிய சிவப்புப் பேனையை மிதுஷனின் கையில் தந்து, மணிக்கட்டைத் தன் கையால் பிடித்துக்கொண்டார். நாடா வெட்டும் பிடி அது. பழகிய பிடி.

“வெட்டுங்க மல்லி” என்றார். “கமராவைப் பார்த்து.”

மிதுஷன் கமராவைப் பார்க்கவில்லை. பெயரின் கடைசி எழுத்துவரை வாசித்தான். பிறகு அமைச்சரின் கையையும் இழுத்துக்கொண்டு பலகையின் ஓரத்துக்குப் போய், பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான். கீழே புள்ளியையும் மறக்காமல் வைத்தான்.

ஊதத் தொடங்கிய நாதஸ்வரக்காரர் அரைவாசியில் நிறுத்தினார்.

“மொகத மே?” என்றார் அமைச்சர். என்ன இது? ஜனா ஓடி வந்தான். மேடையோரம் நின்ற ஐறீன் சுற்றறிக்கையைப் புரட்டினாள். வெட்டுவது பற்றி இருந்தது, திருத்துவது பற்றி இருந்தது, கேள்விக்குறி பற்றி ஒன்றும் இல்லை.

அமைச்சர் பழைய ஆள். அறுநூறு பேருக்கு முன்னால் தடுமாறக்கூடாது என்று அறிந்தவர். புன்னகை குறையாமல், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டார். “கெதர கவ்த இன்னே, மல்லி?” வீட்டில் யார் இருக்கிறார்கள்?

“தென்னெக், சேர்” என்றான் மிதுஷன்.

இரண்டு பேர். ஜனா அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. பதினான்கு மாதங்களில் அவன் எவருக்கும் உரத்துச் சொன்ன முதல் பதில் அது. மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை கேட்டது.

அமைச்சரின் கண்கள் ஒரு கணம் மங்கின. மறுகணம் பிரகாசித்தன.

“பார்த்தீர்களா!” என்றார். “இரண்டு பேராக இருந்தும் தனிமை! இத்தனை வருடம் இவர்களை நாங்கள் மறந்துவிட்டோமே! அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இவர்களையும் உள்வாங்குவேன்!”

நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து எழுந்தது. அறுநூறு பேரும் கைதட்டினார்கள். நடுவரிசையில் குடையோடு இருந்த கிழவர் மட்டும் தட்டவில்லை. மிதுஷன் இறங்கி வரும்போது குடையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். உரையாடலாகக் கணக்கெடுக்கப்படாத அளவுக்கு.

கடிதம் ஆறு கிழமை கழித்துப் பதிவுத் தபாலில் வந்தது.

'தங்களது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது. மேற்குறித்த விலாசத்தில் தாங்களும் தங்களது மனைவி திருமதி சுபோதினி மிதுஷன் அவர்களும் தொடர்ந்து வசித்து வருகின்றமை இப்பணியகத்தினால் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே தாங்கள் தனியாக இல்லை. இத்தீர்மானத்திற்கு எதிராக முப்பது நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.'

கீழே ஐறீனின் கையெழுத்தும் அரச முத்திரையும் இருந்தன. தமிழில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

முப்பது நாளும் போனது. அவன் மேன்முறையீடு செய்யவில்லை. முப்பத்தோராம் நாள் வேலைக்குப் போகும் வழியில் பெருந்தெருவான காலி வீதியில் நபீஸின் போட்டோக் கொப்பிக் கடைக்குள் ஏறினான்.

“லெமினேட் பண்ண வேணும்.”

நபீஸ் கடிதத்தின் அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தான். “என்ன, விசா கிடைச்ச லெட்டரா?”

“இல்லை. தரமாட்டம் எண்டு வந்தது.”

“அதைப் போய் ஆராவது லெமினேட் பண்ணுவாங்களா?”

“மழைக்காலம். நனையக்கூடாது.”

நபீஸ் தோளைக் குலுக்கிவிட்டு இயந்திரத்தைச் சூடாக்கினான். சூடாகும்வரை கடிதத்தை வாசித்தான். கடைக்காரர்கள் எல்லாக் கடிதத்தையும் வாசிப்பார்கள்.

“ரெண்டு பேர்ட பேரும் இருக்கே” என்றான். “மிஸிஸுக்கும் ஒரு கொப்பி போடவா?”

வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மிதுஷன் அது போகும்வரை பொறுத்தான்.

“போடுங்கோ” என்றான்.